விழுந்த மரத்தை நிறுத்தி வரைந்தேன்

ஓவியக் கல்லூரியில் இறுதி ஆண்டு தொடங்கிய சமயம் என் படம் ஒன்று காணாமல் போனது. பெரிய படம் ஒன்றுமில்லை, கடற்கரைக்குப் போய்ப் போட்டு வந்த கட்டுமரங்கள். வகுப்பு அலமாரியில் வைத்தது, மறுநாள் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் அது எங்கள் ஆசிரியரின் அறையில் கிடைத்தது. அவருடைய கண்காட்சிக்குச் சட்டம் போடக் கொடுக்கவிருந்த படங்களின் கட்டுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. வகுப்பைப் பெருக்க வந்த அட்டெண்டர், அது ஐயாவுடையது என்று எடுத்துப் போய்ச் சொருகிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆசிரியரும் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தார். எந்தப் படத்துக்கு எந்தச் சட்டம் என்று ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் எழுதியிருந்தார். என் படத்தின் பின்னாலும் ‘கறுப்பு, மெல்லிசு’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

அவருடைய பாணி எது என்று சொன்னால்தான் இது புரியும். தூரிகையை இந்தியன் இங்க்கில் முக்கி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் தடித்த கறுப்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே தட்டையான நிறம். கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு நூல் அகலத்துக்கு வெறும் காகிதம். சென்னையில் அவரைத் தெரிந்தவர்களெல்லாம் அந்த வெள்ளை இடைவெளியை வைத்துத்தான் தெரிந்துவைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் அதை முயன்றோம். மற்றவர்களுக்கு நிறம் வழிந்து கோட்டைத் தொட்டுவிடும். எனக்குத் தொடாது. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவள், இங்கிலீஷ் வராது, கேன்டீனில் என்ன கேட்டு வாங்குவதென்றே முதல் வருஷம் முழுக்கத் தெரியாது. ஆனால் கோடு வரும். சீனியர்கள்கூட என் மேஜைக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

படம் கிடைத்த அன்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவதென்றால் சத்தம் போடுகிறவர், அன்று சத்தமே போடவில்லை.

“இது நீதானே போட்ட?”

“ஆமா சார்.”

“நான் கையெழுத்தே போட்டிருப்பேன், தெரியுமா? பிரஷ்ஷை எடுத்துட்டேன். போன் வந்துது, வெச்சிட்டுப் போயிட்டேன்.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

“சிரிக்காதம்மா. கடைசிப் படத்துல என் கை தெரிஞ்சுதுன்னா நான் பாஸ் போட மாட்டேன். என் படத்துக்கு நானே மார்க் போட்டுக்க முடியாது, பாரு.”

கடைசிப் படம் என்று அவர் சொன்னது இறுதி ஆண்டுக்கான பெரிய படத்தை. ஒருவருக்கு ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரே தலைப்பு, ‘என் ஊர்’. குறித்த நாளில் எல்லாப் படங்களையும் பெரிய ஹாலில் மாட்டுவோம். யார் போட்டது என்று தெரியாமலிருக்க, பெயர் எழுதிய இடத்தில் பழுப்புக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட வேண்டும். எதிர்ச் சுவரோரம் நாங்கள் வரிசையாக நிற்போம். ஆசிரியரும் வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் படம் படமாக நின்று பார்த்துக்கொண்டு வருவார்கள். காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே ஆசிரியர் இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லித் தவறியதாக யாருக்கும் நினைவில்லை. பிள்ளைகள் இதற்கு ‘ஜாதகம் பார்ப்பது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் சொல்லப்பட்டவனுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது. தனக்கென்று ஒரு கை வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். என்னைப் பற்றி மட்டும் வகுப்பில் வேறு மாதிரி பேசினார்கள். என் படத்தின் முன்னால் வந்து நின்றால் அவர் தன் பெயரைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஃபெயில் ஆனால் எனக்கு இன்னொரு வருஷம் கிடையாது. எங்கள் அப்பா கள்ளக்குறிச்சிக்கு வெளியே தியாகதுருகம் ரோட்டோரம் கரும்பு போடுகிறவர். படம் வரைந்து என்ன ஆகப் போகிறது என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ட்ராயிங் டீச்சர் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஹாஸ்டலுக்கு அனுப்பினார். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பாஸ் ஆனா மேல பேசலாம். ஆவலன்னா வூட்டுக்கு வந்துடு.” அவர் ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்ல மாட்டார். மாற்றவும் மாட்டார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கல்வராயன் மலைக்குப் போனேன். ‘என் ஊர்’ என்றால் மலையும் அருவியும் போடுவதுதான் லட்சணம் என்று நினைத்தேன். மதுரைக்காரன் கோபுரம் போடுவான், நாகப்பட்டினத்துக்காரன் படகு போடுவான், எனக்கு மலை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் அண்ணியும் கூட வந்தாள். அண்ணனுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணிக்கு மணலூர்பேட்டை. ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள், மலையேறும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போனதும் தினைக் கொல்லை ஓரமாக ஒரு பாறையில் உட்கார்ந்து, நான் வரைகிற நேரமெல்லாம் கூடையில் கொண்டுவந்த கடலையைத் தின்றுகொண்டிருந்தாள்.

நல்ல வெளிச்சம் இருந்தது. மலை மடிப்பு மடிப்பாக நின்றது. நான் மூச்சை அடக்கினேன், கோட்டை இழுத்தேன். நிறம் கோட்டைத் தொடவே இல்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது படங்களைப் பரப்பிப் பார்த்தேன். எங்கள் ஆசிரியர் எப்போதும் தம் ஊர்ப் பக்கத்துச் செம்மலைகளைத்தான் போடுவார், முதுகு வளைந்த மாடு படுத்திருக்கிற மாதிரி. என் தாளில் அந்த மாடுகள்தான் வரிசையாகப் படுத்திருந்தன. அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் அவர் ஊர் மலையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு என் கையின் மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பவும் ஒரு தடவை வந்து வேறு மாதிரி முயன்று பார்க்கலாம் என்று இறங்கினேன்.

திரும்பப் போக முடியவில்லை. அந்த வாரம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் தீவிரமானது. அதற்கு முன்பும் ஊர்வலம், மறியல் என்று நடந்துகொண்டுதான் இருந்தது. இந்த முறை ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரப் புளிய மரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைக்குப் பேப்பர் வரவில்லை. ரேடியோவில் சொன்னதைவிடப் பால்காரர் சொன்னது ஜாஸ்தி. எங்கேயோ துப்பாக்கிச் சூடு நடந்தது, எங்கேயோ குடிசைகள் எரிந்தன என்று அவர் சொல்ல, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். எங்கள் கொல்லைக்குக் கூலி வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள் தெருவை விட்டு வெளியே வரவே இல்லை. வேலை இல்லாத நாளில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அப்பாவுக்கும் தெரியும். ஒருநாள் சாயங்காலம் அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போய்விட்டு வந்தார். கேட்டது நியாயம்தான், மரம் என்ன பண்ணிச்சு என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் போராட்டம் யார் யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றியது. எனக்கு அப்போது ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் கவலை. இப்போது அதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அப்போது இருந்ததில்லை.

அண்ணிக்கு வேறு கவலை. மணலூர்பேட்டையில் அவள் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். தினமும் காலையில் பஸ் விட்டார்களா என்று ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் நானும் படம் வரைகிற போர்டைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரோட்டின் குறுக்கே, முந்தின ராத்திரி அறுத்துச் சாய்த்த புளிய மரம் கிடந்தது. பெரிய மரம். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத அடிமரம். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் பஸ்ஸுக்கு நின்றது அதன் அடியில்தான். அன்று அதன் உச்சி எதிர்ப்பக்கக் கரும்புக் கொல்லைக்குள் போய்க் கிடந்தது. ரோட்டில் ஆளில்லை. தூரத்தில் இன்னொரு மரம் கிடப்பது தெரிந்தது. அண்ணி கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

“பஸ்ஸும் வராது, ஒண்ணும் வராது. நீ இன்னா பண்ணப் போற பாப்பா?”

“இத வரையப் போறேன் அண்ணி.”

“இதையா? போயும் போயும் இதுக்கா மெட்ராஸ்ல படிக்கிற?” என்று கேட்டுவிட்டு, சாய்ந்த கிளைகளில் கொழுந்து பறித்து மடியில் கட்ட ஆரம்பித்தாள். வழக்கமாக எட்டாத உயரத்தில் இருக்கிற கொழுந்து அன்று இடுப்பு உயரத்தில் கிடைத்தது. அவள் குழம்புக்குப் பறித்தாள், நான் படத்துக்கு உட்கார்ந்தேன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மலையைப் போல ஆயிரம் பேர் வரைந்த விஷயம் இல்லை இது. என் ஊரில், என் காலத்தில், என் கண் முன்னால் கிடக்கிறது. இதில் எங்கிருந்து ஆசிரியர் கை வரும்? தாளை போர்டில் குத்தினேன். ஆனால் கோட்டை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. எங்களுக்கு மரம் வரையக் கற்றுக்கொடுத்த விதம் அப்படி. வேரில் தொடங்க வேண்டும், மரம் வளர்ந்த வழியில் கை மேலே ஏற வேண்டும், கிளை பிரிகிற இடத்தில் கையும் பிரிய வேண்டும், இலை கடைசியில். முதல் வருஷத்தில் நூறு மரமாவது அப்படிப் போட்டிருப்போம். கீழிருந்து மேலே போய்ப் பழகிய கை, இடமிருந்து வலமாகப் போக மறுத்தது. இழுத்த கோடெல்லாம் வாய்க்கால் மாதிரி வந்தது. இரண்டு தாளை வீணடித்தேன்.

அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. போர்டை எழுந்து நிற்கிற மாதிரி திருப்பிக்கொண்டேன். இப்போது மரத்தின் வேர்ப்பக்கம் தாளின் கீழ்ப்பக்கம். தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் போதும். கோடு அருவி மாதிரி ஓடியது. கீழிருந்து மேலே, ஒரே இழுப்பு. அண்ணி மடி நிறையக் கொழுந்து பறித்து முடிப்பதற்குள் மரம் முடிந்துவிட்டது. ரோட்டை வீட்டில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போர்டை மறுபடியும் பழையபடி படுக்கை வாட்டமாகத் திருப்பி, வலப்பக்கக் கீழ் மூலையில் என் பெயரை எழுதினேன். படம் முடிவதற்கு முன்பே பெயர் எழுதுகிற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு.

வீட்டில் கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அண்ணி கூடத்தைப் பெருக்கிவிட்டு, போர்டை எடுத்துத் திருப்பி வைத்திருந்தாள். அவள் கணக்கில் மரம் என்றால் வேர் கீழே, இலை மேலே. விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பிடியே கீது பாப்பா. நம்ம பஸ் ஸ்டாப்பு மரம். இத எப்ப வரஞ்ச? வெட்டறதுக்கு முன்னாடியே வரஞ்சி வெச்சிருந்தியா?”

“அண்ணி, இன்னிக்குக் காலையில வரைஞ்சதுதானே? நீங்களும்தான கூட இருந்தீங்க?”

“அது படுத்துக்கினு இருந்துச்சி. இது நல்லா நிக்குதே.”

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே பாராட்டினாள். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். மரம் நின்றது. கிளைகள் நிற்கிற மரத்தின் கிளைகளாக மேலே போய் விரிந்திருந்தன. இலைக்கொத்துகள் நிற்கிற மரத்தில் தொங்குவது போலத் தொங்கின. வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வந்தது, எங்கள் வகுப்பு ஜன்னல் இருக்கிற பக்கத்திலிருந்து. கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு நூல் அகல வெள்ளை. மூன்று வருஷமாக வகுப்பில் போட்ட நூறு மரத்தில் ஒன்றை மறுபடியும் போட்டு, தாளைப் படுக்க வைத்து, விழுந்த மரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். கண் முன்னால் கிடந்ததை நான் பார்க்கவே இல்லை.

அழுகை வந்தது. அதை மறைக்கத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஆசிரியர் சொன்னதை அதுவரை நான் அவருடைய கோபம் என்றுதான் வைத்திருந்தேன். கெட்டிக்காரி மேல் வாத்தியாருக்குப் பொறாமை என்றுகூட ஒருத்தி சொன்னாள், அதையும் உள்ளூர ரசித்திருந்தேன். அன்றுதான் உண்மையாகப் பயந்தேன். ஃபெயில் ஆகிவிடுவேன் என்ற பயம் மட்டும் இல்லை. ஃபெயில் ஆகாவிட்டாலும் என்னால் இனி எதையும் பார்க்க முடியாதோ என்ற பயம்.

மறுநாள் விடிந்ததும் அண்ணியை எழுப்பினேன். ரோட்டுக்குப் போனால் மரத்தைச் சுற்றிப் போலீஸ் ஜீப்பும் ரம்பமும் ஆட்களும். வழி விடுவதற்காக மரத்தைத் துண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். சின்னக் கிளைகளை இழுத்துப் போய் ஓரமாகக் குவித்திருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்க் பாட்டில் வீட்டிலேயே இருந்தது. பையைத் துழாவினால் கரித்துண்டுகள்தான். வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் போய் எடுத்து வருவதற்குள் இன்னும் நாலு கிளை போய்விடும். மரத்தில் பாதி போய்விட்டது.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து போர்டை மடியில் படுக்க வைத்தேன். திருப்பக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேர்ப்பக்கத்தை ஆட்கள் மறைத்திருந்தார்கள், வேரில் தொடங்க வழியே இல்லை. எதில் தொடங்குவது என்று தெரியாமல் தார் ரோட்டில் தொடங்கினேன். தரைமேல் மரம் அழுந்திக் கிடந்த இடம், அதற்குக் கீழே இருட்டு, இருட்டுக்கு மேலே அடிமரம். கையெல்லாம் தடுமாறியது. ஒரு கோடு இழுத்து முடிப்பதற்குள் அந்தக் கிளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாதிக் கோடு தாளில் நிற்கும். அதை முடிக்க மனப்பாடத்திலிருந்து ஒரு கிளையை எடுத்துப் போடலாம் என்று கை போகும். விடாமல் பிடித்துக்கொண்டேன். இல்லாததைப் போடுவதில்லை என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் இலையைப் பார்த்தேன். புளிய இலை வாடினால் மூடிக்கொள்ளும். அவ்வளவு பெரிய மரத்தின் அடர்த்தி முழுவதும் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது. மிச்சமிருந்த கொத்துகள், தாம் முன்பு தொங்கிய பக்கம் அல்லாமல், இப்போது எந்தப் பக்கம் தரையோ அந்தப் பக்கம் பார்த்துத் துவண்டிருந்தன. நேற்றும் அப்படித்தான் இருந்திருக்கும், கொஞ்சம் கம்மியாக. மரம் நின்றிருந்த இடத்திலிருந்து வெயில் நேராக ரோட்டில் விழுந்தது. அந்த இடத்தில் வெயிலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளில் அந்த இடத்தைத் தொடாமல் விட்டேன்.

“போதும் வா பாப்பா, அவங்க நம்பளையே பாத்துக்கினு கீறாங்க” என்று அண்ணி அவசரப்படுத்தினாள். கரித்தூள் முழங்கை வரை ஏறியிருந்தது. தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பெரிய படத்தைப் போட்டேன். ஒரு தாள் போதவில்லை, இரண்டை நீளவாட்டில் ஒட்டினேன். கறுப்புக் கோடு போடவில்லை. போடாமலிருக்கக் கையைக் கட்டிப்போடாத குறைதான். தார் நிறம், தூசி நிறம், வாடிய பச்சை, நடுவில் ரம்பம் பட்ட இடத்தில் மட்டும் செம்பழுப்பு. இடையில் முடியாமல் நிற்கிற கிளைகள். வெயில் விழுந்த இடம் வெறும் காகிதம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. அசிங்கமாக இருந்தது. யாரோ புதிதாக வரையப் பழகுகிறவள் போட்டது மாதிரி இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, “இன்னாடி இது, மழைக்கு இடிஞ்ச செவுரு மாதிரி கீது” என்றாள். அப்பா வந்து நின்றார், ரொம்ப நேரம் பார்த்தார், சாப்பிடப் போனார்.

அண்ணிக்கு முதல் படம்தான் வேண்டும். கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் அறையில் மரம் நிற்கிற வாட்டத்தில் ஆணியடித்து மாட்டினாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. என் பெயர் அதில் பக்கவாட்டில் கீழிருந்து மேலே ஏறுகிறது. வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துப் படித்துவிட்டு, இது என்ன ஸ்டைல் என்று கேட்பார்கள். அவள் நாத்தனார் மெட்ராஸில் படித்தவள் என்று பதில் சொல்லிவிடுவாள்.

பஸ் விட்டதும் சென்னைக்குக் கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் அடிக்கட்டைகள். மரத்துண்டுகளை ஓரமாக உருட்டிவிட்டிருந்தார்கள், அதற்கு நடுவே பஸ் ஊர்ந்து போனது. என்னிடம் இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்றில் மரம், இன்னொன்றில் மலை. மலைப் படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றி, கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கி வைத்திருந்தேன். அழகாக இருந்தது. அதைக் கண்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளித் தேர்வாளருக்குப் பிடித்துப்போய் அவர் பாஸ் போடச் சொன்னால், ஆசிரியர் தம் பிடிவாதத்தை விட்டுவிடக்கூடும் என்று வழி நெடுகக் கணக்குப் போட்டேன்.

மாட்டுகிற நாள் காலையில்கூட முடிவுக்கு வரவில்லை. ஹாலில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் மலையை விரித்துப் பார்த்தேன். பக்கத்து இடத்துப் பையன் தன் படத்தை மாட்டிக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்த்து, “சாரோட பழைய படமா? எங்க கிடைச்சுது?” என்று கேட்டான். நான் அதைச் சுருட்டினேன். மரத்தை மாட்டினேன். அதில் பெயர் எழுதவே மறந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எழுத எனக்குத் துணிவு வரவில்லை. வெறும் மூலையிலேயே பழுப்புக் காகிதத்தை ஒட்டினேன், எல்லோருடையதைப் போலவும் இருக்கட்டும் என்று.

ஆசிரியரும் தேர்வாளரும் வந்தார்கள். எதிர்ச் சுவரோரம் நின்றோம். முதல் படத்துக்கு ஒரு பெயர் சொன்னார், காகிதத்தைப் பிரித்தார்கள், சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. கோபுரம் போட்டவன், படகு போட்டவன், ஒவ்வொருத்தனாக முகம் மலர்ந்தான். தேர்வாளருக்கு வேடிக்கையாக இருந்தது. என் படத்துக்கு முன்னால் வந்தார்கள். பிள்ளைகளில் சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

ஆசிரியர் உடனே பெயர் சொல்லவில்லை. கிட்டே போனார். முடியாத கிளையில் முகத்தை வைத்துப் பார்த்தார். பின்னால் வந்தார். வழக்கமாகப் பையன்கள் படத்தைச் சோதிக்கிற மாதிரி கழுத்தை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து, மரத்தை நிமிர்த்திப் பார்த்தார். அண்ணி மாட்டிவைத்திருந்த என் முதல் படமாக இருந்தால் அங்கேயே மரம் எழுந்து நின்றிருக்கும். இது நிற்கவில்லை. எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் அது கிடந்தது.

காகிதத்தைத் தாமே பிரித்தார். கீழே ஒன்றுமில்லை. திரும்பி எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். என் மேலும் அவர் கண் பட்டு, நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போனது.

“இது யாருது?” என்று கேட்டார்.

அந்த மூன்று வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. பாஸா ஃபெயிலா என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்தே போனது. அவருக்கு என்னைத் தெரியவில்லை என்பது மட்டும் புரிந்தது. பெரிய சந்தோஷமாக இருந்தது, கூடவே திருவிழாக் கூட்டத்தில் அப்பா கையை விட்டுவிட்ட பிள்ளையின் பயமும் இருந்தது. கரித்தூள் நகக்கண்ணில் இன்னும் போகாத கையைத் தூக்கினேன்.